பக்கத்து அட்டையில் விழுந்த குண்டு

மூச்சை அடக்கிக் குறி பார்க்கும், என் உடன்பிறந்த லாத்தாவுக்கு,

நீ மவுத்தாகி நாற்பது நாள் ஆகிறது. நம் அதிராம்பட்டினத்தில் நாளை உனக்கு இரங்கல் கூட்டம். பேருந்து நிலையத்தில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். ‘இயந்திரக் கோளாரால் தேசியத் தங்கத்தை இழந்த தங்கமங்கை’ என்று அதில் இருக்கிறது. வாக்கியம் என்னுடையது. எழுத்துப்பிழை மட்டும் அச்சகத்தாருடையது.

கூட்டத்துக்குத் தலைமை நம் மளிகைக்கடை மாமா. நீ கல்லூரியில் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டபோது, “பொம்பளப்புள்ள என்னத்தச் சுடப்போவுது, அப்பமா?” என்று கேட்டவர். நீ மாநிலப் பட்டம் வாங்கி வந்தபோதும் கேட்டார். இரண்டாம் முறை வாங்கியதும் கேள்வியை நிறுத்திவிட்டு, உன்னை ஆரம்பத்திலிருந்தே ஊக்குவித்ததாகச் சொல்லத் தொடங்கினார்.

அதன்பின் எத்தனை ஆண்டுகள்! மாடி அறைச் சுவரில் கண்மையால் ஒரு புள்ளி வைத்து, காலித் துப்பாக்கியை ஏந்தி மணிக்கணக்கில் அசையாமல் நிற்பாய். உம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாய். வெள்ளையடிக்க வந்தவர்கள் அந்தப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போதும் இருக்கிறது.

அந்தத் தேசியப் போட்டியில் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். ஐம்பது மீட்டர் தூரத்தில் ஆளுக்கொரு காகித அட்டை. கடைசிக்கு முந்தைய குண்டு உன் அட்டையில் விழவில்லை. பக்கத்துப் பெண்ணின் அட்டையில், நட்டநடுவில் விழுந்தது. அவள் அட்டையில் ஓட்டை ஒன்று அதிகம் என்று யாரும் கவனிக்குமுன் நீ கையைத் தூக்கினாய். “அது என் குண்டு.” உனக்குச் சுழியம் போட்டார்கள். தங்கம் போயிற்று.

எனக்கு அவமானமாக இருந்தது. ஊருக்குப் போன் போட்டு, மிஷின் கோளாறு என்றேன். காகித அட்டையில் கோளாறாவதற்கு ஒரு ஒயர்கூடக் கிடையாது. ஊரில் யாருக்கு அது தெரியும்?

திரும்பும் ரயிலில் நீ சொன்னாய்: “நான் துப்பாக்கி சுடுறேன், நீ வாயாலேயே வடை சுடுற. ஒரே வீட்டுக்கு இது ஜாஸ்தி தம்பி. ஊருக்குப் போனதும் நீயே உண்மையச் சொல்லிடு.”

சொல்கிறேன் என்றேன். ஊரார் விசாரித்தால் நீ, “தம்பிகிட்ட கேளுங்க” என்று மட்டும் சொன்னாய். ஒவ்வொரு முறையும் நான் வடையே சுட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி நீ என்னையே பார்த்தாய். குறியாக நிற்பது எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

இன்று மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். பதறிவிட்டார்.

“என்ன தம்பி நீங்க! நம்ம புள்ளைக்கு அநியாயம் நடந்துச்சுன்னு சொல்லித்தான் ஊருக்கு ஒரு சுடுதளம் கேட்டு மனு எழுதியிருக்கோம். அடுத்தவ அட்டையில சுட்டுச்சுன்னா யாரு குடுப்பா?”

“சுடுதளம் எதுக்குன்னு எழுதியிருக்கீங்க மாமா?”

“பிள்ளைங்களுக்கு நேர்மையும் ஒழுக்கமும் வளரணும்னு.”

சுடுதளம் வராமல் போகலாம், லாத்தா. அங்கே சுட்டிருக்க வேண்டிய பெண்பிள்ளைகள் என்னைத் திட்டலாம். நான் செய்வது சரிதானா? நீ இருந்தால் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

நாளை மைக் முன்னால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். அப்படியானால் இயந்திரக் கோளாறு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அப்போது நான் கையைத் தூக்குவேன்.

அது என் குண்டு.

இத்தனை நாள் வடை சுட்ட,
உன் தம்பி