அறுபதில் போட்ட கோடு

14 மார்ச் 1993, ஞாயிறு

பிழை அண்ணையின் மீற்றர்க் கோட்டில்தான் இருந்திருக்கிறது. அப்பாடா.

அவருடைய மினி ட்ரக் யப்பானிலிருந்து வந்தது. வேகத்தைக் கிலோமீற்றரில் காட்டும். இந்த நாட்டில் எல்லாம் மைல். அதனால் அண்ணை மீற்றர் கண்ணாடியில் அண்ணியின் சிவப்புக் கியூட்டெக்ஸால் அறுபதில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அதுதான் சட்டப்படி ஓடக்கூடிய முப்பது மைலாம். அந்தக் கோட்டைத் தாண்டாமல் ஓடியவரைப் பொலிஸ் இரண்டு தரம் மறித்தது. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இன்னொரு தரம் மறித்தால் வழக்குக் கெட்டுவிடும் என்ற பயத்தில் அவருக்கு நித்திரையே இல்லை. நிறத்தைப் பார்த்துத்தான் மறிக்கிறான்கள் என்று நான் கத்தினேன்.

இன்று நானும் அண்ணையும் ட்ரக்கில் போக, அண்ணி தன் காரில் எங்களுக்குப் பின்னால் வந்தா. மிச்சம் என்ற ஊரில் இறங்கியதும் கேட்டா: "என்னப்பா, முப்பதிலயோ வந்தனீங்கள்? என்ர கார் முப்பத்தேழு காட்டினது!"

"கிலோமீற்றரில பாதிதானே மைல்?"

"ஆர் சொன்னது? கணக்கு வாத்தியாற்ற மகன் போடுற கணக்கைப் பார்!"

அண்ணை பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, முப்பது மைலுக்குச் சரியான நாற்பத்தெட்டில் புதுக் கோடு போட்டார். திரும்பி வரும்போது ஒரு பொலிஸ் கார் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. பிறகு வேறு தெருவில் திரும்பிப் போய்விட்டது. அண்ணை விசிலடித்தார்.

முதல் தரம் மறித்தவன் வேகத்தை விட விசாவைத்தான் கூடக் கேட்டான். அந்தக் கோபம் எனக்குப் போகாது. ஆனால் பக்கத்து அறையில் அண்ணை குறட்டை விடுகிறார். அந்தச் சத்தத்தில் இன்று எனக்குத்தான் நித்திரை வராது.