விசில் இல்லாத மைசூர்

லாஃப்டிலிருந்து நீலப் பெட்டியை இறக்கி உதறினேன். பூச்சி உருண்டை நாற்றத்தோடு உங்கள் விசில் காலடியில் வந்து விழுந்தது. கூடவே, போகிற ஊரில் பார்க்க வேண்டியதையெல்லாம் நீங்கள் பட்டியல் போடும் அந்தச் சின்ன நோட்டும். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் என்னை விரட்டுவதை நிறுத்தவில்லை!

அம்பத்தூர் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை முடிந்தது, விசில் மட்டும் உங்களை விடவில்லை. குடும்பத்தோடு எந்த ஊருக்குப் போனாலும் அதை ஊதித்தான் எங்களை நகர்த்துவீர்கள். மைசூரில் மதியம் ரயிலை விட்டு இறங்கி, லாட்ஜ் கட்டிலில் முதுகைச் சாய்த்தேன். உடனே விசில். "இன்னாடி, படுத்துகினு கீற? தூங்கவா இம்மாம் தூரம் வந்தோம்?"

முதலில் மிருகக்காட்சி சாலை. அது முடிந்த கையோடு சாமுண்டி மலை. ஏறுவதற்கு பஸ், இறங்குவதற்குப் படிக்கட்டு. நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் கொரட்டூர் வீட்டுக் காலண்டரில் பார்த்த அரண்மனை விளக்கு. ஞாயிறு மாலை முக்கால் மணி நேரம்தான் போடுவார்கள். அரண்மனை முன்னால் போய் உட்கார்ந்தபோது என் கால்கள் என்னுடையவையாக இல்லை. விளக்குப் போட இன்னும் பத்து நிமிஷம் என்றீர்கள். கண்ணை மூடினேன். திறந்தபோது விளக்கெல்லாம் அணைந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தார்கள்.

"எவ்ளோ எழுப்புனேன், நீ அசையல" என்றீர்கள். தெருவையே எழுப்பும் விசில் அப்போது உங்கள் சட்டைப்பையில்தான் இருந்தது. என் கண்ணெதிரிலேயே நோட்டை எடுத்து, 'அரண்மனை விளக்கு' என்பதற்கு நேரே டிக் போட்டு, 'பார்த்தாச்சு' என்று எழுதினீர்கள். மறுநாள் காலையில் ஊட்டி பஸ்.

அதோடு விட்டீர்களா? கல்யாணம், காதுகுத்து, திருவேற்காட்டுக் கோயில் வாசல், எங்கே நாலு பேர் கூடினாலும் அதே கதை. "ஊரே வாயப் பொளந்து பாத்துகினு கீது, இவ கொறட்ட உடுறா!" அதிகம் சிரித்தவள் உங்கள் தங்கைதான். நானும் சிரித்தேன், வயிறு எரிய எரியச் சிரித்தேன்.

அதனால் அவளையே சாட்சிக்கு அழைத்துப் போகிறேன். வரும் ஞாயிறு மைசூர். உங்கள் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் என் திட்டத்தை எழுதிவிட்டேன். மதியம் சாப்பாடு. ஐந்து மணி வரை தூக்கம். பிறகு குளியல், ஒரு காபி, தலைக்கு ஒரு முழம் மல்லிகை. ஆமாம், வைத்துக்கொள்ளத்தான் போகிறேன். அப்புறம் ஆட்டோவில் நேராக அரண்மனை. சாமுண்டி அம்மன் ஒரு நாள் பொறுத்துக்கொள்வாள்.

போனில் திட்டத்தைக் கேட்ட உங்கள் தங்கை பதறினாள். "இன்னா அண்ணி, மொத நாளே ரூம் போட்டு தூங்கறதா? அண்ணன் இருந்தா உட்ருக்குமா?"

"அதுக்குத்தான்டி தூங்கறேன்" என்றேன்.

பழைய டிக்கைத் தாள் கிழியும்படி அடித்துவிட்டேன். விசிலைக் கைப்பையில் வைத்திருக்கிறேன், ஊதுவதற்கு இல்லை. விளக்கு எரியும் முக்கால் மணி நேரமும் அது என் மடியில் சும்மா கிடக்கட்டும். நான் முழுசாகப் பார்ப்பேன். திரும்பி வந்து, கல்யாணம், காதுகுத்து ஒன்று விடாமல் நாலு பேர் நடுவில் இப்படித்தான் சொல்வேன்: மைசூரில் விளக்குப் போட்டபோது நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். தூங்கியது அவர். எவ்வளவோ எழுப்பினேன், அசையவில்லை.