படிவத்தில் உங்கள் பெயர்

சிஞ்ச்வட், புனே
புதன்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு பியூலா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? நம் ஜெனிக்குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

கம்பெனி என்னை இரண்டு வருஷம் ஜெர்மனிக்கு அனுப்புவது உறுதியாகிவிட்டது. அந்தச் சம்பளத்தை நூறால் பெருக்கி ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். வரி, இன்சூரன்ஸ், வாடகை எல்லாம் அங்கே யூரோவில்தான் போகும். வீட்டுக்கு மூன்று மாத அட்வான்ஸ் வேறு. அதை யார் கட்டுவது, உங்களுக்கும் ஜெனிக்கும் விசாச் செலவு யாருடையது என்று நேற்று எச்.ஆர். மேடத்திடம் என் ஓட்டை இந்தியில் கேட்டேன். இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை என்று சிரித்தார். நான் விடவில்லை. இரண்டும் கம்பெனி பொறுப்பு என்று எழுதியே வாங்கிவிட்டேன்!

நம் கல்யாணச் சான்றிதழின் ஒரிஜினலைக் கூரியரில் அனுப்புங்கள். கூடவே கொஞ்சம் இட்லிப் பொடியும். ஒருத்திக்கு மட்டும் சட்னி போட்டால் மிக்ஸியில் அரைபடவே மாட்டேன் என்கிறது.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. இத்துடன் உள்ள விசாப் படிவத்தில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் மில்லில் வேலைக்குச் சேர்ந்த அன்று, 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்ததாக ஓடி வந்து சொன்னீர்களே, ஞாபகமிருக்கிறதா? இந்தப் படிவத்திலும் அந்தக் கட்டம் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். அன்று நீங்கள் ஏன் அப்படி ஓடி வந்தீர்கள் என்று எழுதும்போதுதான் தெரிந்தது.

உங்கள்
பியூலா