நின்று காத்திருந்த வீடியோ

ஜனவரி 11

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் மனைவி, குட்டிப்பெண் மூவரும் சுகம்தானே? மெயில் போட்டால் மூன்று வாரம் கழித்து ஒரு "ம்" வருகிறது. தாளில் எழுதினாலாவது வெட்கப்பட்டு நாலு வரி எழுதுகிறாயா பார்ப்போம் என்றுதான் இந்தக் கடிதம்.

இங்கே ஒரு சிக்கல். திங்கட்கிழமை காலை பேச்சுப் பயிற்சி அறையில் ஆறு கம்ப்யூட்டரையும் திறந்தேன், ஒன்றிலும் பாடம் ஓடவில்லை. வீடியோ வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் "இந்தப் பிளக்-இன் இனி இயங்காது" என்று ஒரு வரி. பக்கவாதத்தில் பேச்சை இழந்த ஆறு பேர் ஆளுக்கொரு கட்டத்தின் முன்னால் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரான லாரி டிரைவர் ஏதோ சொல்ல முயன்றார். "ஓ... ஓ..." என்று அதற்கு மேல் வரவில்லை. கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பத்து வருடத்துக்கு முன்னால் நீ செய்து கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பாடங்கள். திரை முழுக்க என் வாய் தெரியும், ஒரு சொல் சொல்வேன், உடனே வீடியோ தானாக நின்றுவிடும். அவர்கள் சொல்லிப் பார்த்துவிட்டு ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால்தான் அடுத்த சொல். "எவ்வளவு நேரம் நிக்கணும்க்கா?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்டா" என்றேன். அதைச் செய்துமுடிக்க நீ நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாய்.

பிரவுசர் செய்கிற கம்பெனியிலேயே தம்பி இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். மானத்தைக் காப்பாற்று.

அன்புடன்,
உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டு வாங்கிய மாதிரி இருந்தது. எல்லோரும் சுகம். குட்டி இப்போது பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. உனக்குத் தொழில் கொடுக்க மாட்டாள்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் பிரவுசருக்கு வீடியோவைக் காட்டத் தெரியாது. பிளக்-இன் என்று வெளியாள் எழுதிய ஒரு நிரலை அதில் பொருத்தினால்தான் படம் ஓடும். அந்த வழியாகத்தான் திருட்டு நிரல்களும் உள்ளே நுழைந்தன. இப்போது பிரவுசருக்கே வீடியோ காட்டத் தெரியும். அதனால் எல்லாக் கம்பெனிகளும் சேர்ந்து பிளக்-இன்னுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதைப் பார்ப்பது வேறு பிரிவு. எனக்கே இது திடீர்ச் செய்திதான்.

உன் பாடங்களை எல்லாம் புது முறைக்கு மாற்றி ஏற்றிவிட்டேன். இனி போனில்கூட ஓடும். நிம்மதியாக இரு.

அன்புடன்,
வால்


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுக்கு,

ஓடுகிறது. அதுதான் பிரச்சினையே. நிற்காமல் ஓடுகிறது.

எங்களிடம் ஒரு பிழைதிருத்துநர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அச்சகத்தில் முப்பது வருடம் இருந்தவர். வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, வாயில்தான் சொல் வராது. "தண்ணீர்" என்று சொல்ல "த"வில் நின்று போராடிக்கொண்டிருந்தார். அதற்குள் திரையில் என் வாய் "சாவி" சொல்லி, "கதவு" சொல்லி, "ஜன்னல்" வரைக்கும் போய்விட்டது. ஐந்தாவது சொல்லில் ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இத்தனை வருடத்தில் நான் ஒருவரையும் அவசரப்படுத்தியதில்லைடா. இப்போது என் வாயே அவர்களை விரட்டுகிறது. இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். பாடம் நிற்க வேண்டும். அதை மட்டும் பழையபடி செய்து கொடு, மற்றது எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பெல்லாம் பழைய பிளக்-இன் கோப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும் திரும்பப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். இங்கே தலைக்கு மேல் வேலை. இரண்டு மூன்று மாதம் பொறுத்துக்கொள். முன்பே தெரிந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம். என்ன செய்வது, யாருக்குமே தெரியாமல் போய்விட்டது.

அன்புடன்,
வால்


ஏப்ரல் 3

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை பிழைதிருத்துநர் திரும்பி வந்தார். பாடத்துக்கு வரவில்லை. நாலாக மடித்த ஒரு தாளை என் கையில் கொடுத்தார். பழைய பாடம் ஏன் முடங்கிப்போனது என்று வீட்டில் உட்கார்ந்து தேடித் தேடி வாசித்திருக்கிறார். வேறு யார் கண்ணிலும் படாதது அவர் கண்ணில் படும்.

உன் கம்பெனி பொதுவில் போட்ட பக்கம் அது. தேதியைப் பார்த்தேன், ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. "பிளக்-இன்னை எடுத்துவிட்டால் எந்தத் தளங்கள் முடங்கும்? சொல்லுங்கள். அவற்றுக்குக் கூடுதல் அவகாசம் தருவோம், மாற்றிக்கொள்ள எங்கள் ஆட்களே உதவுவார்கள்." அதன்கீழே பிளக்-இன்னைப் பார்க்கும் பிரிவில் இருப்பவர்களின் பதில்கள். யாரோ ஒருவர் தன் மாமா நடத்தும் சதுரங்க வகுப்பைக்கூட எழுதியிருக்கிறார். ஏழாவது பதில் உன்னுடையது.

"எனக்குத் தெரிந்து அப்படி எந்தத் தளமும் இல்லை."

அந்த வரியின் கீழே அவர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். ஓரத்தில் "பிழை" என்று எழுதியிருந்தார். பிறகு கம்ப்யூட்டரில் நம் பாடப் பக்கத்தைத் திறந்து, அடியில் "தயாரிப்பு" என்று இருக்கும் உன் பெயரைத் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டார். "த... ம்... தம்... பி?" ஒரே ஒரு சொல். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவோ நேரமானது. நான் காத்திருந்தேன். அவர் சொல்லி முடிக்காமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று இந்தத் தொழிலுக்கு வந்தபிறகு முதல் தடவையாக நினைத்தேன்.

வேறு பிரிவு என்றாய். திடீர்ச் செய்தி என்றாய். யாருக்குமே தெரியாது என்றாய். என்னிடம் பொய் சொல்ல உனக்கு என்னடா அவசியம்? ஏன் இப்படிச் செய்தாய்?

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

பத்துத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டியலில் சேர்க்கிற ஒவ்வொரு தளத்தையும் எங்கள் பிரிவே கூடி உட்கார்ந்து திறந்து பார்க்கும். உள்ளே இருக்கும் நிரலை வரி வரியாக வாசிப்பார்கள். உன் பாடங்களை நான் கற்றுக்குட்டியாக இருந்தபோது எழுதினேன். அது ஒட்டுப்போட்ட கந்தல், அக்கா. அப்போது அந்தப் பிரிவுக்கு நான் புதிது. முந்தின வாரம்தான் யாரோ எழுதிய ஒரு நிரலைத் திரையில் போட்டு அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். நம் பக்கத்தின் அடியில் என் பெயர் இருக்கிறது. அவர்கள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படி எழுதினேன்.

சத்தம் போடாமல் நானே மாற்றித் தந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போய்விட்டேன். லீவு போட்டுவிட்டு வருகிறேன். ஒரு மாதம் உன்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்கிறேன். திட்டு, அடி, ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் வால்


ஜூன் 9

தம்பிக்கு,

லீவு போட வேண்டாம். வேலை முடிந்துவிட்டது.

சாமான் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. இணையத்தில் இணைக்காமலே விட்டதால் அதில் பழைய பிளக்-இன் அப்படியே இருந்தது, நீ அன்று அதிலேயே பதிந்துவைத்த பாடங்களும் ஓடின. என்னிடம் வருகிறவர்கள் முறைபோட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்து, வீடியோ நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் நிமிடம், விநாடி பார்த்துத் தாளில் எழுதினார்கள். பேச வராவிட்டாலும் இடது கையால் எழுத வந்தது. மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு இடங்கள். பிழைதிருத்துநர் இரண்டு தடவை சரிபார்த்தார்.

லாரி டிரைவரின் மனைவி பஸ் டிக்கெட் அலுவலகம் ஒன்றுக்கு இணையப் பக்கம் செய்கிறவர். ஐந்து ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். பிளக்-இன் கிடையாது. போனிலும் ஓடுகிறது, நிற்கவும் செய்கிறது. நேற்று டிரைவர் முதல் பாடத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஓடுது" என்றார். முழுச் சொல். ஜனவரியிலிருந்து அவர் தொண்டையில் நின்ற சொல் அது.

பக்கத்தின் அடியில் பெயர் போட வேண்டுமே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "நான் எழுதினது ஒண்ணும் அவ்வளவு அழகா இருக்காதுங்க. தெரிஞ்சவங்க பார்த்தா சிரிப்பாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, போடுங்க" என்றார். போட்டேன்.

நீ செய்தது கந்தல் என்று எனக்குத் தெரியாது. பத்து வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் பெயரைத் தொட்டுக் காட்டி, "என் தம்பி செஞ்சது" என்று பீற்றிக்கொண்டிருந்தேன். முந்நூறு பேருக்கு மேல் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே பேசக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு சொல்லுக்காக நாள் முழுக்கக் காத்திருக்கிறவள் நான். உன்னிடமிருந்து ஒரு சொல் வந்திருந்தால் போதும், அதைச் சொல்ல உனக்கு ஒன்றரை வருடம் இருந்தது. நன்றாகப் பேச வருகிற நீதான் சொல்லவில்லை. இனி உனக்காகக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. குட்டிக்கு என் முத்தம்.

உன் பெயர் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஆசைப்பட்டாய். எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர்