கோச்சு ரூம் கதவுல இருந்த பேரு

என் மகாராணிக்கு உன் கிழவன் எழுதுறது. முட்டிவலி தேவலையா? திட்ட நான் பக்கத்துல இல்லாம உன் வாய் துருப்பிடிச்சிருக்குமே!

எங்க ஹாக்கி டீம் தோத்துக்கிட்டே இருக்கு. "இந்த கோல்கீப்பருக்கு முட்டி போயிருச்சு, எடுக்காதீங்க"ன்னு ஆள் தேடிக் குடுக்கிறவரு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. மேனேஜரு மலிவா கிடைக்கிறான்னு எடுத்தாரு. வேலை போனது கோச்சுக்கு. கதவுல ஒட்டியிருந்த அவரு பேரை நான்தான் சுரண்டுனேன். "பெரியவரே, கிழியாம எடுத்துக் குடுங்க"ன்னு கையை நீட்டினாரு. எனக்கு நக்கலே வரலடி.

ஜெர்சி, மட்டையெல்லாம் பாத்துக்க புது கோச்சு தன் ஆளையே கூட்டிட்டு வர்றாராம். அதானே என் வேலை! நீ கவலைப்படாதே.

தைலம் கேட்டேன்ல, அனுப்ப வேணாம், அங்கயே இருக்கட்டும். டீம் பஸ்ஸு ஹாரன் அடிக்குது, ஓடுறேன். நம்ம வீட்டு வாசல்ல கிடக்குற என் பழைய செருப்பைத் தூக்கிப் போட்டுடாதே.