இடது பின் சக்கரம்

அன்பு மிக்க என்னவருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வண்டியைக் கழுவலாம் என்று வாளியும் துணியுமாகக் கீழே இறங்கினேன். சனிக்கிழமை அதை விலைக்குப் பார்க்க அந்தப் பள்ளி ஆசிரியர் வருகிறார். நல்லபடியாகக் கண்ணில் படட்டும் என்று நினைத்தேன். போனால், நடைப்பயிற்சிக்குப் போயிருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்த உங்கள் அப்பா அங்கே நிற்கிறார். ஒரு கை வண்டியின் கூரைமேல். வலது கால் பம்பின்மேல். இடது பின் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் நலம் என்பதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நலம்தான். உங்கள் இருமல் விட்டதா? போனில் பேசாமல் இதை ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். காகிதம் என்றால் கடைசி வரி வரை நீங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

என்ன மாமா இது என்று கேட்டேன். சர்க்கரை டப்பாவில் கைவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. “நடக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானேம்மா வந்தேன். இதுவும் நடைதான். ஒரே எடத்துல நடக்கறேன், அவ்வளவுதான்” என்றார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, கொஞ்ச நாளாக என்று மட்டும் சொல்லிவிட்டு, பம்பைத் துடைத்து மடக்கி வைப்பதில் மும்முரமாகிவிட்டார். எழுபத்தெட்டு வயதில், தினமும் நான் எழுவதற்குள். நானோ, நம் வண்டி என்ன பாடுபட்டாலும் ஒரு குறை சொல்லாது என்று அலுவலகத்தில் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் இன்னொன்றையும் மறைத்திருக்கிறேன். நான் வேலை பார்க்கிற நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வண்டி நிறுத்துகிற இடம் எவ்வளவு குறுகல் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது இரண்டு மாதமாக வண்டி எகிறி எகிறி நகர்கிறது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி. சாலையில் போகும்போது அடியில் ஓர் உறுமல் வேறு. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆக, ஒரே வண்டியின் குறையை ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து வந்திருக்கிறோம்.

இன்று எனக்கு விடுமுறை. பாலத்தைத் தாண்டி இருக்கிற டயர் கடைக்கு மாமாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரருக்கு நம் வயதுதான் இருக்கும். பேச்சில் பாதி கிண்டல், கை மட்டும் நிதானம். இடது பின் டயரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கியதும் குமிழ் வரிசையாக வந்தது. ஓரமாக ஓர் ஆணி. நடுவில் குத்தியிருந்தால் ஒட்டிக் கொடுத்திருக்கலாமாம். ஓரத்தில் ஒட்டுப்போட்டால் நிற்காதாம். சரி, அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்றேன். அவர் ஓர் அளவுநாடாவை எடுத்து நான்கு டயரையும் தையல்காரர் மாதிரி சுற்றிச் சுற்றி அளந்தார். முன்னால் இருப்பவை இரண்டும் புதியவை. பின்னால் இருப்பவை தேய்ந்தவை. சுற்றளவில் இரண்டு விரல் வித்தியாசம்.

அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. மற்ற வண்டிகளில் இரண்டு சக்கரம் இழுக்கும், இரண்டு கூடவே உருளும். நம் வண்டியில் நான்குமே இழுக்கும். சின்ன டயர் அதிகமாகச் சுற்ற வேண்டும், பெரிய டயர் குறைவாகச் சுற்ற வேண்டும். நடுவில் விசையைப் பங்கிடுகிற பெட்டி, ஏதோ ஒரு சக்கரம் சறுக்குகிறது என்று எண்ணிக்கொண்டு ஓயாமல் இழுத்துப் பிடிக்கிறதாம். சூடாகிச் சூடாகி ஒருநாள் அந்தப் பெட்டி போய்விடுமாம். எகிறலும் உறுமலும் அதனால்தான். காற்று இறங்கிய டயர் அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. “நாலும் ஒண்ணா இருந்தாத்தான் இந்த வண்டிக்கு நிம்மதி. எந்தப் புண்ணியவான் இப்படி ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னு போட்டது?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியும், மாமாதான். மூன்று மாதம் முன்பு நான் வேலைக்குப் போயிருந்த நாளில் அவரே வண்டியைக் கொண்டுபோய்ப் புதிதாக இரண்டை முன்னால் போட்டு வந்தார். முகம் அவ்வளவு பூரிப்பாக இருந்தது. கடைக்காரரிடம், நான்தான் போட்டேன் என்று சொன்னேன். மாமா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். “அவ இல்லப்பா, நான். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின புத்தி. முன் டயர் வெடிச்சா வண்டி கையில நிக்காது. நல்லது முன்னாடி, தேஞ்சது பின்னாடி. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க” என்றார். கடைக்காரரின் குரல் அப்படியே மாறிவிட்டது. பஸ்ஸுக்கு ஐயா சொல்வதுதான் சரி, இந்த வண்டியைச் செய்தவன்தான் ஐயாவைக் கேட்காமல் செய்துவிட்டான் என்றார். மாமா சிரிக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பப் பார்த்தார். நான்தான் எதிரில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு நான்கு என்று கடைக்காரரே கேட்டார். தெருவைக் கடக்க நின்றிருந்த மாமா அங்கிருந்தே பதில் கொடுத்தார்: “வாங்கறவனும் பிள்ளைகுட்டியை ஏத்திக்கிட்டுத்தானே போவான்?”

டயர் அளவு குறித்த தாளைத் தேடி வண்டியின் முன்பெட்டியைத் திறந்தபோது ஒரு சின்ன நோட்டு கிடைத்தது. மாமா கையெழுத்து. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பணிமனையில் வண்டியை ஒப்படைக்கும்போது இருக்கிற குறைகளை அடுத்த ஓட்டுநருக்காக எழுதிவைப்பார்களே, அந்த மாதிரி. நாற்பத்தொரு நாள் காற்றழுத்தக் கணக்கு. இடது பின் இருபத்திரண்டு, முப்பத்து மூன்று வைத்தேன். இடது பின் இருபத்து நான்கு, முப்பத்து மூன்று வைத்தேன். நடுநடுவே நான். “மருமகள் இறக்கத்தில் பிரேக்கை அதிகம் மிதிக்கிறாள். சொல்லவில்லை. தானாகப் பழகும்.” பத்து நாள் கழித்து: “பழகிவிட்டாள்.” இன்னொரு நாள்: “மழை. அவள் வந்து சேர ஏழு ஆனது. ஒலிப்பான் சரியாக இருக்கிறது.” நான் வந்து சேரும் வரை வாசலிலேயே நின்றிருப்பார் போலிருக்கிறது. அதை எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒலிப்பானைப் பற்றி எழுதியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில் ‘அடுத்து ஓட்டுபவருக்கு’ என்று தலைப்பு. பின்கதவு மழைக்காலத்தில் இறுகும், சற்றுத் தூக்கித் திறக்கவும். கிளப்பியதும் ஒரு நிமிடம் பொறுக்கவும். இடது பின் சக்கரத்துக்குத் தினமும் காற்று பார்க்கவும், இதுவரை நான் பார்த்தேன். இருபதாம் தேதி நான் இறங்கிக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. நான் அந்தக் கடையில், ரப்பர் வாசனைக்கு நடுவே, அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. இருபதாம் தேதி நான் மட்டும் உங்களிடம் வருவது, மாமா உங்கள் அக்கா வீட்டுக்குப் போவது என்று முடிவுசெய்தபோது, அங்கே ஒரே படுக்கையறை, அந்தக் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அக்கா வீடு தரைத்தளம், டாக்டர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார் என்று நீங்கள் எழுதியதெல்லாம் நியாயம்தான். நானும் தலையாட்டினேன். உங்கள் அக்கா, தையல் மெஷினை எங்கே தள்ளுவது என்று ஒரு பாட்டம் அலுத்துக்கொண்டாலும் அப்பாவுக்காக அறையை ஒழித்துவிட்டாள். டாக்டரைக் கேட்டோம், அக்காவைக் கேட்டோம், நீங்களும் நானும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். அவரை யாரும் கேட்கவில்லை. முடிவைத்தான் சொன்னேன். சரிம்மா என்றார். அந்தத் தெருவில் பஸ் வருமா என்று ஒன்றுதான் கேட்டார். அந்தச் சரியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இன்றிலிருந்து உனக்கு வேறு தடம் என்று பணிமனையில் சொன்னால் அதற்கும் அவர் சரி என்றுதானே ஏறி உட்கார்ந்திருப்பார்.

திரும்பி வரும்போது வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இனி வண்டியைப் பற்றித் தன்னைக் கேட்க வேண்டாம், தன் கணக்கெல்லாம் பழங்கணக்கு என்றார். அந்த உறுமல் போய்விட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை, நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றேன். கண்ணாடியை இறக்கித் தலையைச் சாய்த்துக்கொண்டார். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போகட்டும். அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது” என்றார். வீடு வந்து, வண்டி நின்ற பிறகுதான் சொன்னார், போய்விட்டது என்று.

இப்போது அவர் உள்ளே தூங்குகிறார். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேளுங்கள். இருபதாம் தேதி நான் ரயில் ஏறப்போவதில்லை. வண்டியை விற்கப்போவதும் இல்லை. நானும் மாமாவும் அந்த வண்டியிலேயே வருகிறோம். மூன்று நாள் ஆகட்டும், நான்கு நாள் ஆகட்டும். அவரிடம் நாளைக்கு முறையாகக் கேட்பேன். மகள் வீடுதான் பிடிக்கும் என்று தன் வாயால் சொன்னால் அது வேறு. அவராக அப்படிச் சொல்லாமல் அவரை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். உங்களைப் பார்க்காமல் இந்தப் பதினான்கு மாதத்தை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். படுக்கையறை அவருக்கு, கூடம் நமக்கு.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஆசிரியரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் வந்து சேரும்வரை உங்களுக்கும் தெரியாது. வேண்டாம் என்று உடனே போனை எடுக்காதீர்கள். ஒருநாள் வைத்திருந்து படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தில் குளியலறையைப் பார்த்தேன். தரை வழவழப்பாகத் தெரிகிறது. சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தி வையுங்கள், இடது கைப் பக்கமாக. உங்கள் உயரத்துக்கு அளந்து வைத்துவிடாதீர்கள், அதைவிட நான்கு விரல் கீழே இருக்கட்டும். நீங்கள் புறப்பட்டபோது பார்த்த உயரத்தில் உங்கள் அப்பா இப்போது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறாத அன்புடன்,
உங்கள் மனைவி