கல்வித் தகுதி: தேறவில்லை

இன்று தபாலில் வந்த உறையைப் பிரித்ததும் சைக்ளோஸ்டைல் மை வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே அதே படிவம். நாலு வருஷத்துக்கு முன்னால் எதை என் கையால் நிரப்பி உன்னை மேடை ஏறவிடாமல் செய்தேனோ, அதே படிவம். பெயர், ஊர், கல்வித் தகுதி, பணியில் அடைந்த உயர்வு, சமூகத்துக்கு ஆற்றிய தொண்டு. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஓரத்தில் மட்டும் நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் வக்கீல் பச்சை மையில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: 'விழாவில் அன்னாரின் படம் திறக்கப்பட உள்ளதால் விவரங்களைத் தாங்களே பூர்த்தி செய்து அனுப்பவும்.'

அன்னாராம். உயிரோடு இருந்தபோது நீ அவர்களுக்கு 'பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர்'. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மர நாற்காலியிலேயே சாய்ந்து மூன்று மாதம் ஆனதும் அன்னார் ஆகிவிட்டாய், முன்னாள் மாணவரும் ஆகிவிட்டாய். காகிதத்தைச் சுக்கு நூறாகக் கிழிக்கத்தான் கை போனது. மேரிதான் பிடுங்கிக்கொண்டாள். "கிழிச்சுப்புடாதீங்க. அந்தண்ணனுக்கு இதாச்சும் நடக்கட்டும்" என்றாள்.

மேரி அப்படிச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? அவள் உயிரோடு என்னைத் திட்டிக்கொண்டிருப்பதே உன்னால்தான். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், டாக்டரம்மா இந்த ரத்த வகை தருமபுரி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று கைவிரித்தபோது, நான் பேண்ட் சட்டை போட்ட ஹெட்மாஸ்டர், ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ அழவிடவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழுப்பு அட்டை நோட்டை எடுத்து விரலால் ஒரு பக்கத்தைத் தேய்த்தாய்.

"பென்னாகரம் ரூட்ல ஒருத்தன் இருக்கான்டா. ஆடு மேய்க்கிறவன். பதினோரு மணி வண்டி கண்டக்டர்கிட்ட சீட்டு குடுத்து உட்டுட்டேன். வந்துருவான், மூஞ்சியத் தொடைச்சுக்க."

ஊர் உலகத்தில் பெயர்களை அகர வரிசையில் எழுதுவார்கள். நீ பஸ் ரூட் வாரியாக எழுதி வைத்திருந்தாய். மொரப்பூர் ரூட், காரிமங்கலம் ரூட், பென்னாகரம் ரூட். எந்த நிறுத்தத்தில் யார், அவருக்கு என்ன ரத்த வகை, கடைசியாக எந்த மாதம் கொடுத்தார். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தைக் கிழித்து ஒரு வரி எழுதி கண்டக்டர் கையில் திணிப்பாய். வண்டி போன வேகத்தில் ஆள் வந்து இறங்குவார். அன்றைக்குப் பென்னாகரம் வண்டி பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து நின்றது. உள்ளே சந்தைக்குப் போகிற சனம் கோழியும் கூடையுமாக உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூட நேரமாச்சு என்று சொல்லவில்லை. தலையில் துண்டு கட்டிய அந்த மனிதர் இறங்கி, "எந்தக் கையில எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி நீ வரவழைத்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியாது. நோன்பு மாதத்தில் ரத்தம் கொடுக்க உன் முறை வந்தால், கஞ்சி குடித்து நோன்பு திறந்த கையோடு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாய். கேட்டால், "வூட்டுக்குப் போற வழிதானடா" என்பாய். உன் வூடு அதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது.

எண்பத்து நான்கில் சங்கத்தார் முதல் முறையாகப் பாராட்டு விழா வைத்தார்கள். பணியில் உயர்ந்தவருக்கு ஒரு பொன்னாடை, தொண்டு செய்தவருக்கு ஒரு பொன்னாடை. நான் அப்போதுதான் கல்வி அதிகாரி ஆகியிருந்தேன், அதனால் முதலாவதற்கு என் பெயர். இரண்டாவதற்கு உன் பெயரைச் சொன்னவன் நான்தான். யாரும் மறுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு, "மைக்குல பேரு சொல்லிக் கூப்புடுவாங்களாடா?" என்று கேட்டாய். பொன்னாடையைப் பற்றி நீ கேட்கவே இல்லை.

படிவத்தை என் வீட்டில் வைத்து நான் எழுதினேன், நீ டீயை ஊதி ஊதிக் குடித்தாய். கல்வித் தகுதி என்ற இடத்துக்கு வந்தேன்.

"மூணு வருஷம் பெஞ்சத் தேச்சேன்னு எழுது" என்றாய்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'பி.ஏ., ஆங்கிலத் தாள் தேறவில்லை.' எழுதி, அடியில் கோடும் போட்டேன். இருபது வருஷம் சான்றிதழ் சரிபார்த்த கை. பையன்களின் பிறந்த தேதியில் ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்பிய கை. 'நம் கல்லூரியில் மூன்றாண்டு பயின்றவர்' என்று எழுதினால் அதிலும் பொய் இல்லை. என் மண்டைக்கு அது எட்டவே இல்லை. உண்மையை எழுதினோம் என்ற திமிர் வேறு.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அந்த ஒரு தாளை எழுதித் தொலைத்திருக்கலாம். இரண்டு முறை கட்டாயப்படுத்தி ஹால் வரைக்கும் இழுத்துப் போனேன். மூன்றாம் முறை, "வண்டி நேரம் சொல்றதுக்கு இந்த இங்கிலீசு போதும், போடா" என்று திரும்பி நடந்தாய். வீம்பு. உன் வீம்பும் என் கோடும் சேர்ந்துதான் வக்கீலுக்கு வழி செய்து கொடுத்தன.

கமிட்டிக் கூட்டத்தில் அவர் உன் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "தேறாதவரை எப்படிங்க சார் மேடையில ஏத்தறது? நாளைக்கு ஸ்டூடண்ட்ஸ் நம்மளக் கேக்க மாட்டாங்களா? நீங்களே கைப்பட எழுதியிருக்கீங்க, அதுவும் கோடு போட்டு."

மேஜையில் அடுத்ததாக இருந்தது என் படிவம். நான் வாயைத் திறக்கவில்லை. இவன் அனுப்பிய சீட்டால்தான் என் பெண்டாட்டி பிழைத்தாள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சண்டை போட்டால் என் பொன்னாடையும் போய்விடுமோ என்று பயந்தேன். இதை மேரியிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்கு வந்திருக்க வேண்டிய மரியாதை, கல்லூரிக்குக் கிரானைட்டில் நுழைவாயில் கட்டி அதில் தன் பெயரைத் தன் தாத்தா பெயரோடு செதுக்கிக்கொண்ட குவாரிக்காரருக்குப் போனது.

உன்னிடம் வந்து சொல்லவும் எனக்குத் துப்பில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விழா நாளே வந்துவிட்டது. நீ இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு பெயரை வாசிக்கும்போதும் உன் சின்ன மகள் உன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். மேடையிலிருந்து எனக்கு எல்லாமே தெரிந்தது. குவாரிக்காரர் பெயரை வாசித்தார்கள். நீ கை தட்டினாய். என் பெயருக்கு எழுந்தே நின்று தட்டினாய்.

முடிந்ததும் என் தோளைத் தொட்டு, "சால்வை நல்லா இருக்குதுடா" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எம் பேரு அடுத்த வருஷமா?" என்றாய்.

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு 'ஆமா'வுக்காக என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும். அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நோட்டுக்கு அடியில் அந்த வெள்ளைச் சட்டை, அதே மடிப்போடு இருந்தது.

"அப்பறம் இதப் போடவே இல்லீங்கண்ணா. அடுத்த வருஷம் கூப்புடுவாங்க, அழுக்காக்கிராதேன்னு வெச்சிருந்தாருங்க."

நாலு வருஷம் வைத்திருந்திருக்கிறாய். பாவி, ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா?

சாயங்காலம் இந்தப் படிவத்தோடு மறுபடி உன் வீட்டுக்குப் போய்வந்தேன். படம் திறக்கப் போகிறார்கள், மாலை போடுவார்கள் என்று சொன்னேன். "எங்க வூட்டுல படத்துக்கு மாலை போடற வழக்கம் இல்லீங்களேண்ணா. படமெல்லாம் வேணாங்க. பேரை மட்டும் மைக்குல ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க. புள்ளைங்க கேக்கட்டும்" என்றார் உன் மனைவி. உங்கள் வழக்கம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்க அந்தக் கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் இந்தக் கடிதம் வந்தபோது எனக்கும் தோன்றவில்லை.

இப்போது நிரப்பி முடித்துவிட்டேன். ஓரத்தில் பச்சை மையில் இருந்த 'படம் திறக்கப்பட உள்ளதால்' என்பதை அடித்துவிட்டேன். கல்வித் தகுதிக்கு நேரே போன முறை எழுதியதையே எழுதி, அடியில் அதே கோட்டையும் போட்டேன். அதற்குக் கீழே இப்படி எழுதினேன்: 'இவர் பெயரையும், இவர் தேறவில்லை என்பதையும், இந்த வார்த்தையை எழுதி இவர் மரியாதையைக் கெடுத்தவன் நான் என்பதையும் மைக்கில் நானே சொல்வேன். சம்மதம் இல்லையென்றால், எண்பத்து நான்கில் கொடுத்த சால்வையை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளவும்.'

நோட்டு இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. நேற்று அலுவலகத்துக்கே வந்துவிட்டார் மொரப்பூர் வண்டி கண்டக்டர். "சார், அண்ணன் நோட்டு உங்ககிட்டதானுங்களே? பி நெகட்டிவ் ஒரு ஆளு வேணுமாம்" என்றார். இருபது வருஷமாகப் பையன்களின் பெயர்களை அகர வரிசையில் அடுக்கியவன் நான். ரூட் பார்த்து ஆள் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. நீயாக இருந்தால் அதற்குள் வண்டி கிளம்பியிருக்கும்.

விழாவுக்கு உன் பிள்ளைகளை நானே அழைத்துப் போகிறேன். மூன்றாவது வரிசை இல்லை, முதல் வரிசை. உன் பெயரைச் சொன்னதும் நீ எழுந்து வர மாட்டாய். அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வரலாமா என்று உன் சின்ன மகள் கேட்டாள். எடுத்து வா என்று சொல்லிவிட்டேன்.